நாளன்னைக்கு என்பதற்கு ஒரு சொல்

என் வீட்டுக்காரர் அப்துல் அஜீஸுக்கு இங்கிலீஷ் என்றால் உயிர். பேசுவதற்கு இல்லை, தோண்டுவதற்கு. துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க்காக இருந்தவர். பிராஸ் பாசா பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை கிழிந்த அகராதியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் குடும்பம் நடத்தினார். நிக்காஹ் முடிந்த வாரம், கடலின் ஆழத்தை அளக்கிற 'ஃபாத்தம்' என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா என்று கேட்டு, இரண்டு கைகளையும் அகல விரித்து நின்றார்.

"ஆதியில இதுக்குக் கட்டிப்பிடிக்கிறதுன்னு அர்த்தம், நூரு."

சோறு குழைந்துகொண்டிருந்தது. "நல்ல மனுஷருக்கு வாக்கப்பட்டேன்" என்று அடுப்பைப் பார்க்க ஓடினேன். உள்ளுக்குள் பிடித்துத்தான் இருந்தது.

டன்லப் ஸ்ட்ரீட் டீக்கடையில் அவருக்கு 'டிக்‌ஷனரி பாய்' என்று பேர். யாராவது 'நைஸ்' என்று சொல்லிவிட்டால் போச்சு. ஒரு காலத்தில் அதற்கு மடையன் என்று அர்த்தம் என்று ஆரம்பித்துவிடுவார். தே தாரிக் டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தப் பேச்சுதான் இப்போது எனக்கு வினையாகப் போயிற்று.

போன வருஷத்திலிருந்து மனுஷர் சரியில்லை. தொழுகைக்காகக் கைகால் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து, மறுபடி ஒளு செய்யப் போகிறார். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள், இன்னும் சோறு போடவில்லையா என்கிறார். யாராவது ஏதாவது கேட்டுவிட்டால் "நூரு?" என்று என் பக்கம் திரும்புவார், நான் எடுத்துக்கொடுப்பேன். போன மாதம் அஸர் தொழப் போகிறேன் என்று புக்கிட் மேராவிலிருந்து கிளம்பியவர், தீவின் மறுகோடி உட்லண்ட்ஸில், எல்லை தாண்டிப் போகிற ஜோகூர் பஸ்ஸுக்கு வரிசையில் நின்றிருக்கிறார். பாஸ்போர்ட்டும் இல்லை, ஃபோனும் இல்லை. டீக்கடைச் சினேகிதர் ஜாஃபர் கண்ணில் பட்டதால் வீடு வந்து சேர்ந்தார். அடுத்த தடவை யார் கண்ணில் படுவார்?

மகள் ஃபர்சானாவிடம் சொன்னால், அவள் சிரிக்கிறாள்.

"அத்தா நல்லாத்தான் இருக்காங்க லா. நேத்துகூட ஃபோன்ல ஏதோ ஓல்டு வேர்டு சொல்லி எக்ஸ்ப்ளெயின் பண்ணாங்க. எனக்கே அவ்வளவு மெமரி இல்ல. நீங்கதாம்மா ரொம்ப வொரி பண்றீங்க."

"ஆமாடி, உங்க அத்தா கூட இருக்கிறது நீயா நானா?" என்று ஃபோனை வைத்துவிட்டேன். செத்துப்போன சொற்களெல்லாம் பத்திரமாக இருக்கின்றன, அன்றாடம்தான் கரைந்துகொண்டிருக்கிறது. இதை யாரிடம் சொல்லி நம்பவைப்பது?

பிரஷர் பார்க்க என்று பொய் சொல்லி, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தவரை நேராக ஞாபக மறதி பார்க்கிற டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரக்‌ஷனா என்று நம்ம தமிழ்ப் பெண்தான்.

"அங்கிள், இன்னைக்கு என்ன கிழமை?"

அவர் சிரித்தார். "கிழமை கிடக்கட்டும் டாக்டர். நாளன்னைக்கு அப்படிங்கறதுக்கு இங்கிலீஷ்ல என்ன?"

"டே ஆஃப்டர் டுமாரோ."

"பாருங்க, எவ்வளவு நீளம்! முன்னாடி ஒரே சொல் இருந்துச்சு. ஓவர்மாரோ. நாளைக்கு அந்தப் பக்கம்னு அர்த்தம். நேத்துக்கு முந்தின நாளுக்கும் ஒண்ணு இருந்துச்சு, எரெயெஸ்டர்டே. நாமெல்லாம் நாளன்னைக்கு, முந்தாநேத்துன்னு வச்சுக்கிட்டு இருக்கோம். அவங்க தொலைச்சுட்டாங்க."

"வாவ் அங்கிள்! சூப்பர்!" அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. கேட்ட கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவப்போனது.

வீட்டுக்குள் நான் அவரைத் திட்டாமல் விட்டுவைத்ததில்லை. ஆனால் அடுத்தவர் முன்னால் அவரை விட்டுக்கொடுத்து ஒரு சொல் பேசியதில்லை. அன்று பேசினேன்.

"டாக்டர், நீங்க கேட்டதுக்கு அவர் பதில் சொல்லல."

டாக்டர் மறுபடி கேட்டார். இவர் என் பக்கம் திரும்பினார்.

"நூரு?"

நான் வாயைத் திறக்கவில்லை. அல்லாஹ்வே, அந்தப் பார்வையை எந்தப் பெண்ணுக்கும் காட்டிவிடாதே.

"ஞாயிறு... இல்ல, திங்கள்" என்றார். ஜும்ஆவுக்குப் பூசிய அத்தர் அவர் சட்டையில் இன்னும் மணத்துக்கொண்டிருந்தது.

டாக்டர் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. ஸ்கேன் எடுக்கவேண்டும், தனியாக வெளியே அனுப்பவேண்டாம் என்றார். ஃபர்சானாவிடம் தானே பேசுவதாகவும் சொன்னார். நான் கேட்டது கிடைத்துவிட்டது. அழுகைதான் வந்தது.

பஸ் நிறுத்தத்தில் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கோபம் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியும் நூரு" என்றார். "ரொம்ப நாளாவே தெரியும். யாராவது ஏதாவது கேட்டா பயமா இருக்கு. அதான் ஒரு பழைய சொல்ல எடுத்து விட்டுடறேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஓவர்மாரோ உன்னையே தெரியலன்னா என்ன பண்ணுவேன்?"

"கேளுங்க. நான் சொல்றேன்."

தலையாட்டினார். இரண்டு பஸ் போயிற்று. எங்களுடையது இன்னும் வரவில்லை.

"நூரு, இன்னைக்கு என்ன கிழமை?"

"வெள்ளிங்க" என்றேன்.