மஞ்சள் கட்டை இல்லாத நேரம்

பூமிகாவுக்குப் பயப்படக் காரணம் தேவைப்பட்டதில்லை. காரணம் கிடைத்தால் அது உபரி. பள்ளிப்பட்டுப் பக்கம் நெல் வயலுக்கு நடுவே வளர்ந்தவள், பம்புசெட் மோட்டார் கிளம்பும் ஒவ்வொரு முறையும் துள்ளுவாள். கோழி பறந்தால் ஒதுங்குவாள். பரீட்சையில் வினாத்தாளைக் கவிழ்த்து வைத்துக் கும்பிட்டுவிட்டு, ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்ப்பாள். இப்படிப்பட்டவள் மெக்கானிக்கல் படித்து முதல் வகுப்பில் தேறி, எம்.இ.யில் இன்ஜினியரிங் மேனேஜ்மென்ட்டும் சேர்ந்துவிட்டாள். பயந்தவர்கள் நிறையப் படிப்பார்கள். வேறென்ன செய்வது, வெளியே போனால் கோழி இருக்கிறதே.

கடைசி செமஸ்டரில் ஏதாவது ஒரு தொழிற்சாலைக்குப் போய் பிராஜெக்ட் செய்தாக வேண்டும். அவளுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் பாகங்களுக்குத் தகடு அடிக்கும் கம்பெனி வாய்த்தது. உள்ளே மாடி வீட்டு உயரத்துக்கு ஒரு பிரஸ். அதன் மேலே இருக்கிற இரும்புத் தலை இறங்கி ஒரு அடி அடித்தால், தட்டையாகப் போன தகடு வளைந்து வெளியே வரும். அடுத்த பாகத்துக்கு மாறும்போது உள்ளே இருக்கும் அச்சை மாற்ற வேண்டும். அதுவரை பிரஸ் சும்மா நிற்கும். அந்தச் சும்மா நேரத்தைப் பாதியாகக் குறைப்பதுதான் பூமிகாவின் பிராஜெக்ட்.

பிரஸ்ஸை ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர், பரசுராமனும் சாலமோனும். இருவருக்கும் நாற்பதைத் தாண்டிய வயது. அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். பாப்பா பிரஸ் பக்கத்தில் வரவே மாட்டாள். தூரத்துத் தூணுக்குப் பின்னால் நின்று, கண்ணை ஸ்டாப் வாட்ச்சிலேயே வைத்திருப்பாள். பரசுராமன் "ஆரம்பிச்சாச்சு!" என்று கத்தினால் ஒரு அமுக்கு, "முடிஞ்சிச்சு!" என்று கத்தினால் இன்னொரு அமுக்கு. நடுவில் என்ன வேலை நடக்கிறது என்பதைக் கேன்டீனில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டாள்.

ஆனாலும் மூளைக்காரிதான். போல்ட்டுகளை முன்கூட்டியே பிரித்து வைக்கச் சொன்னாள். அடுத்த அச்சைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தயாராக நிறுத்தச் சொன்னாள். நேரம் குறைந்தது. ஆனால் பாதியாகவில்லை. ஒருநாள் அவர்கள் இருவரோடும் டீக்கடையில் டீ குடிக்கும்போது அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"பாதியா கொறயலன்னா எங்க மேடம் என்ன பிராஜெக்ட்டோட சேத்துக் கடாசிடுவாங்கண்ணா."

மறுநாள் அளந்தபோது நேரம் பாதிக்கும் கீழே விழுந்திருந்தது. பூமிகா வாட்ச்சை உதறிப் பார்த்தாள். வாட்ச் சரியாகத்தான் இருந்தது. கைடு கமலினி மேடம் முதன்முறையாக அவளைப் பார்த்துச் சிரித்தார். கம்பெனி மேனேஜர் ரகுநந்தன் அந்த எண்ணை அப்படியே ஷாப் ஃப்ளோர் போர்டில் எழுதினார். திங்கட்கிழமை முதல் மூன்று ஷிப்டுக்கும் அதுதான் டார்கெட்.

அந்தத் திங்கட்கிழமைதான் வைவாவும். ரிப்போர்ட்டில் அச்சு மாற்றும் போட்டோ ஒன்று வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டதால், வெள்ளிக்கிழமை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரஸ் அருகே போனாள். செல்போனைக் கண்ணுக்கு முன்னால் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டாள். திரையில் பரசுராமனின் கை தெரிந்தது. மணிக்கட்டில் பெரியபாளையத்தம்மன் கயிறு. தோள் வரைக்கும் அந்தக் கை பிரஸ்ஸுக்குள் இருந்தது. அதற்கு மேலே, அந்தரத்தில், இரும்புத் தலை.

பின்னால் நகர்ந்தவள் எதன்மீதோ இடித்துக்கொண்டாள். மஞ்சள் பெயின்ட் அடித்த கனமான கட்டை. மேலே சாலமோனின் டீ கிளாஸ்.

"இது இன்னாதுண்ணா?"

"முட்டுக்கட்டை பாப்பா. அச்சு மாத்தறப்ப தலைக்கு அடியில குடுக்கறது. தப்பித் தவறி தல எறங்கிச்சுன்னா இது தாங்கிக்கும்."

"அப்ப ஏன் இங்க கீது?"

சாலமோன் சிரித்தார். "நல்லா கேட்ட போ! நீதானே அன்னிக்கி டீக்கடையில அழுது ஆறு வெட்டி வுட்ட? இத்த தூக்கி வச்சி எடுக்கறதுலயே நேரம் பூடுது. நம்ம பாப்பா பாசாவட்டும்னு வுட்டுட்டோம்."

"அன்னிக்கி மட்டும்தானே?"

பரசுராமன் கையை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டார். "அப்டித்தான் நெனச்சோம். போர்டுல ஏத்திட்டாங்களே. இனிமே கட்ட வச்சா லேட்டு. லேட்டானா மெமோ. பேஜாரு. அதான் இப்பவே பழகிக்கினு கீறோம். நீ இன்னாத்துக்கு வேர்க்கற? சுச்சு ஆஃப்ல கீது, ஒண்ணியும் ஆவாது."

சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும், பிரேக் தேய்ந்தால் அந்தத் தலை தானாகவே இறங்கும் என்று பூமிகா படித்திருந்தாள். படித்ததால் வந்த வினை.

அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஹாஸ்டலில் அவள் எதைத் தொட்டாலும் அது கையாகவே இருந்தது. கதவைச் சாத்தினால் பயம். சாம்பாரில் முருங்கைக்காயைப் பார்த்ததும் தட்டைத் தள்ளிவிட்டாள். மேனேஜருக்குப் போன் போட்டு, ஒரு முறை மணி அடித்ததும் வைத்துவிட்டாள். சொன்னால் பட்டம் போகும், தனக்காகச் செய்தவர்களும் மாட்டுவார்கள். சொல்லாவிட்டால்? அந்த யோசனையை அவளால் முடிக்க முடியவில்லை. ஊரிலிருந்து அப்பா கூப்பிட்டார்.

"இன்னாம்மா, கொரலு ஒரு மாதிரி கீது?"

"ஒண்ணுமில்ல நைனா. கைய பத்திரமா பாத்துக்க."

"எந்தக் கைய?"

"ரெண்டையும்."

அப்பா துளசிராமன் போனை வைத்துவிட்டு, பெண்ணுக்குப் படிப்பு அதிகமாகிவிட்டது என்று மனைவியிடம் சொன்னார்.

திங்கட்கிழமை. வைவா அறையில் கமலினி மேடம், வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியர், கம்பெனி சார்பில் ரகுநந்தன். அவர் திருவள்ளூர்க்காரர், மெதுவாகப் பேசும் மனிதர். நெற்றியில் திருமண் கலையாமல் இருந்தது. பூமிகா ஸ்லைடுகளைத் தள்ளினாள். எண் இருக்கும் ஸ்லைடு வந்தது.

"ரொம்ப நன்னா பண்ணிருக்கா," என்றார் ரகுநந்தன். "இன்னிக்குக் காலம்பற ஷிப்ட்லேர்ந்து இதுலதான் ஓடிண்டிருக்கு."

காலையிலிருந்து. அப்படியென்றால் இப்போதும். சரியாக அப்போது மேஜைமேல் இருந்த ரகுநந்தனின் போன் அதிர ஆரம்பித்தது. கம்பெனியிலிருந்து. அவர் அதைக் கவிழ்த்து வைத்தார். மறுபடியும் அதிர்ந்தது.

"சார், எடுங்க சார்."

"அப்புறம் பாத்துக்கலாம்மா. நீ சொல்லு."

"எடுங்க சார்! பரசுராமன் அண்ணன் கை சார்!"

ரகுநந்தன் வெளிறிப்போய்ப் போனைக் காதில் வைத்தார். கேட்டார். வைத்தார்.

"கேன்டீன்ல கேஸ் தீந்துடுத்தாம்." அவளையே பார்த்தார். "பரசுராமன் கைக்கு என்ன?"

இனிமேல் விழுங்க முடியாது. தூணுக்குப் பின்னால் நின்றது, கட்டை வைக்காதது, தான் ஒரு முறைகூட நிமிர்ந்து பார்க்காதது, எல்லாவற்றையும் கொட்டினாள். அழுகையில் பாதி புரியவில்லை. புரிந்த பாதி போதுமானதாக இருந்தது. ரகுநந்தன் எழுந்து வெளியே போனார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் போனில் கத்துவது கேட்டது. "நிறுத்து! உடனே நிறுத்து!"

கமலினி மேடம் ரிப்போர்ட்டை மூடினார். "இந்த எண் செல்லாது. கட்டையோட மறுபடியும் அளந்துட்டு வா. பாஸா ஃபெயிலா, அப்புறம் பேசலாம்." கடாசவில்லை. ஆனால் சிரிக்கவும் இல்லை.

பரசுராமனுக்கும் சாலமோனுக்கும் மெமோ கிடைத்தது. போர்டில் எழுதியவருக்கு யாரும் மெமோ கொடுக்கவில்லை. அப்படி ஒரு வழக்கம் எந்தக் கம்பெனியிலும் கிடையாது.

அந்த வாரமே பூமிகா மறுபடியும் போனாள். பரசுராமன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாலமோன் மட்டும் முனகினார். "நல்லதுக்குப் பண்ணா நமக்கே ஆப்பு."

அவள் தூணுக்குப் போகவில்லை. பிரஸ்ஸுக்கு இரண்டடி தள்ளி நின்றாள். பரசுராமன் கட்டையைத் தூக்கி, எரிச்சலோடு டம்மென்று முட்டுக் கொடுத்தார். பூமிகா துள்ளினாள். ஆனால் கண்ணை மூடவில்லை. அவர் கை உள்ளே போனது, போல்ட்டைத் திருகியது, இன்னும் உள்ளே போனது, வெளியே வந்தது, மறுபடியும் போனது. கயிறு கட்டிய அந்த மணிக்கட்டை விட்டு அவள் பார்வை அசையவில்லை. கடைசியாகக் கை முழுதாக வெளியே வந்து, கட்டையும் வெளியே வந்த பிறகுதான் அவள் மூச்சு விட்டாள்.

"முடிஞ்சிச்சு!" என்று கத்தினார் பரசுராமன். பிறகு, மெமோ வந்ததிலிருந்து முதல்முறையாக அவளிடம் பேசினார். "எவ்ளோ ஆச்சு?"

பூமிகா வாட்ச்சைப் பார்த்தாள். அதில் வெறும் பூஜ்ஜியங்கள்.

"அண்ணா... அமுக்க மறந்துட்டேண்ணா."

"அடிப்பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டார் சாலமோன்.

பரசுராமன் அவளைக் கொஞ்ச நேரம் முறைத்தார். அப்புறம் குனிந்து மஞ்சள் கட்டையை மறுபடியும் தூக்கினார்.