பக்கத்து மொழி

லூர்துபிரகாஷைப் போலப் பிழைக்கத் தெரியாத மனிதரை நான் பார்த்ததில்லை. 2007-இல் ரெட்டியார்பாளையத்தில் இருந்த எங்கள் சின்ன நிறுவனத்தில் பிரெஞ்சு தெரிந்தவர் அவர் ஒருவர்தான். தமிழைக் கம்ப்யூட்டரே வேறு மொழிக்கு மாற்ற வேண்டும். அதற்காக ஒரே வாக்கியத்தை இரண்டு மொழியிலும் எழுதி எழுதி அதற்கு ஊட்டுவோம். அவர் ஊட்டியது பிரெஞ்சு. மாஹேயிலிருந்து வந்த சுமலதா ஊட்டியது மலையாளம்.

இனி ஒரு மொழிக்குத்தான் பணம் என்று வேலை கொடுத்த கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். முதலாளி இராமதாஸுக்குப் பிரெஞ்சு மேல் ஆசை. வருகிற விருந்தாளிகளிடம் பெருமையாகக் காட்டலாமே! ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா, சோதித்துச் சொல்லும் பொறுப்பை மூத்தவரான லூர்துவிடமே விட்டார். லூர்து பிரெஞ்சுக்குத் தலையை ஆட்டியிருந்தால் போதும். வீட்டில் மனைவி ரோசாவுக்கு ஏழாம் மாதம். இந்த வேலையை விட்டால் வேறு வருமானம் கிடையாது.

'குழந்தைக்குக் காய்ச்சல்' என்று கொடுத்துப் பார்த்தோம். மலையாளம் சுத்தமாக வந்தது. பிரெஞ்சிலோ, மேற்படி குழந்தை அதிகாரி முன்பு ஆஜரானதாக வந்தது. அவர் ஊட்டியதெல்லாம் பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலத்துப் பிறப்புப் பதிவுகளும் கிரயப் பத்திரங்களும்தான். பிரெஞ்சும் தமிழும் சேர்ந்தாற்போல இந்த ஊரில் வேறு எங்கே கிடைக்கும்? நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"மலையாளத்தையே எடுங்க சார்," என்றார். "நாம வார்த்தை வெக்கிற வரிசையிலதான் அதுவும் போவுது. கொஞ்சம் ஊட்டினாலே புடிச்சிக்கும். பிரெஞ்சுக்கு எல்லாத்தையும் பொரட்டிப் போடணும். எத்தினி லட்சம் வாக்கியம் இருந்தாலும் பத்தாது."

"அப்ப நீ என்னா பண்ணுவ லூர்து?"

"தெரியல சார்."

நுணலும் தன் வாயால் கெடும். எனக்கு ஆத்திரமாக வந்தது. சொன்னது உண்மைதான், ஆனால் அதை அவரா சொல்ல வேண்டும்? இராமதாஸ் அரை மனதாக ஒப்புக்கொண்டார். அந்த மாதத்தோடு லூர்துவுக்கு வேலை இல்லை என்றாகிவிட்டது.

வீட்டில் சொல்லப் பயந்து என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போனார். ரோசா நின்றபடியே கேட்டாள். பிரெஞ்சுக்காரர்கள் ஊரை இந்தியாவிடம் முறைப்படி ஒப்படைத்த அறுபத்திரண்டில், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா என்று கேட்டபோது, வேண்டாம், சொந்த ஊரே போதும் என்று இருந்துவிட்டவர் லூர்துவின் அப்பா. பெரியப்பா எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக்காரர் ஆனார். அவர் பிள்ளைகள் பாரீசில் இருக்கிறார்கள், கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து வரும்.

"ஒங்கப்பாவும் அன்னிக்குக் கிட்ட இருக்கறதத்தான் புடிச்சிக்கிட்டாரு," என்றாள். "நீங்களும் அதையே செஞ்சிட்டு வந்து நிக்கிறீங்க."

"கிட்ட இருக்கறதுதான் ரோசா சீக்கிரம் கை குடுக்கும்."

"மிஷினுக்குக் குடுக்கும்." வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். "நமக்குக் கிட்ட யாருங்க இருக்கா?"

லூர்து என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குனிந்து என் செருப்பைத் தேடினேன்.