எதிர் வீட்டுப் பால் பாக்கெட்

காலை எட்டரை ஆகியும் எதிர் ஃபிளாட் வாசலில் பால் பாக்கெட் வியர்த்துக்கொண்டு கிடந்தது. உள்ளே ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார். பாக்கெட்டைவிட எனக்குத்தான் அதிகம் வியர்த்தது.

சின்ன வயதில் மர்பி டவுனில், எங்கள் வரிசை வீடுகளில் ஏழு மணிக்கு மேல் வாசலில் பால் கிடந்தால் பெரியவர்கள் கூடிவிடுவார்கள். ஒருநாள் ஸ்டெல்லா ஆன்ட்டி வீட்டு வாசலில் கிடந்தது. கூப்பிட்டும் பதிலில்லை. அடுத்த வீட்டுச் சூசை மாமா தோளால் முட்டியதில் தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டது. நான் அப்பாவின் லுங்கிக்குப் பின்னால் ஒளிந்தபடி எட்டிப் பார்த்தேன். மெழுகுவத்திப் புகை வாசனைக்கு நடுவே ஆன்ட்டி முழங்காலில் இருந்தார். கையில் ஜெபமாலை. மீதி மணிகளை நிதானமாக உருட்டி முடித்த பிறகுதான் திரும்பினார்.

“ஜெபத்துக்கு நடுவுல எப்படிய்யா பதில் சொல்றது? செத்துட்டேன்னே முடிவு பண்ணிட்டீங்களா?”

“பதில் வரலன்னா நாளைக்கும் ஒடைப்பேன்க்கா,” என்றார் மாமா.

எனக்கு மாமாவின் தோள் இல்லை. எதிர் ஃபிளாட்டின் அழைப்பு மணியை அழுத்தினேன், அது அடிக்கவே இல்லை. அதற்குள் என் மனதில் ஆம்புலன்ஸ், ஐஸ் பெட்டி, மாலை எல்லாம் வந்து இறங்கிவிட்டன. பெயர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தேன். பெயர் தெரியவில்லை. “சார், சார்” என்று கதவைத் தட்டினேன்.

கதவு திறந்தது. கன்னமெல்லாம் ஷேவிங் சோப்பு நுரை.

“யாரப்பா நீனு?” என்று கன்னடத்தில் கேட்டார்.

எதிர் வீட்டில் ஆறு வருடமாகக் குடியிருக்கிறேன் என்று சொல்ல, கதவை உடைப்பதைவிட அதிகத் துணிச்சல் வேண்டியிருந்தது.