புதுத்தண்ணீர் வாசனை

எங்கள் வீட்டில் யார் குறி கேட்கப் போனாலும் கிண்டல் செய்கிற ஆள் நான். வலங்கைமான் பக்கத்தில் வயலையும் மாட்டையும் கட்டிக்கொண்டு அழுகிறவளுக்கு ஆவி, அமானுஷ்யத்துக்கெல்லாம் ஏது நேரம்? அதனால் நீங்கள் இதை நம்ப வேண்டாம், கேட்டுக்கொண்டால் போதும்.

கொரோனா இரண்டாவது அலையில் எங்கள் மூன்று பேரையும் ஒன்றாக ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இடமில்லாததால் ஒரே கூடத்தில் திரை கட்டி, இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். ஒரே நோய்தான், ஆளுக்கு ஒரு மாதிரி பிடித்தது. என் வீட்டுக்காரருக்குக் கொதிக்கிற காய்ச்சல், ஓயாத இருமல். எனக்கு மூக்கு செத்துப்போய்விட்டது, பக்கத்தில் பினாயில் ஊற்றித் துடைத்தாலும் தெரியவில்லை. எழுபது தாண்டிய என் மாமனாருக்கு மட்டும் ஒன்றுமே இல்லை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். காலையில் பார்த்தபோது ஆக்சிஜன் அளவும் சரியாக இருந்தது, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

மத்தியானம் ஆனதும் போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு, "தண்ணி வந்துடுச்சா? மடையத் திறந்துட்டீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வருகிற சமயம் அது. எங்கள் ஊரில் எந்தப் பெரியவர்தான் அதைக் கேட்கமாட்டார்? என் வீட்டுக்காரரும் இருமிக்கொண்டே, "வந்துடும்பா, படுங்க" என்றார். வயதானவர்களுக்கு இந்த நோய் பேச்சுக் குழப்பமாகவும் வரும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

அப்போதுதான் எனக்கு வாசனை அடித்தது. காய்ந்து வெடித்த வயலில் முதல் தண்ணீர் பாயும்போது வருமே, அந்த மண் வாசனை. செத்த மூக்கில், மூடிய கூடத்தில், மாஸ்க்குக்கு உள்ளே. சத்தியமாகச் சொல்கிறேன், யாரோ கையைப் பிடித்து இழுத்த மாதிரி எழுந்து போனேன், திரையைத் தாண்டி மாமனார் கட்டிலை நெருங்க நெருங்க வாசனை ஏறியது, அவர் தலைமாட்டில் எனக்கு மூச்சு முட்டியது. அவர் சிரித்த முகமாகத்தான் இருந்தார். உதடு மட்டும் நாவல்பழம் தின்ற நிறம்.

"சிஸ்டர், ஓடி வாங்க!" என்று கத்தினேன்.

அவர் விரலில் கருவியை மாட்டிப் பார்த்த நர்ஸ் பதறிப்போய் ஆக்சிஜன் வைத்தார். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா அவ்வளவுதாம்மா" என்றவர், கீழே பார்த்து, "யாரு சேத்துக் காலோட உள்ள வந்தது?" என்று சத்தம் போட்டார். கட்டிலைச் சுற்றி ஈரச் சேறு. என் காலைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது.

மாமனார் பிழைத்தார். வீட்டுக்கு வந்தபின் ஒருநாள் காபி குடித்துக்கொண்டே சொன்னார்: "நம்ம வயல்ல கழுத்து மட்டும் தண்ணிம்மா. நீதான் சேத்துல இறங்கி வந்து, கையப் பிடிச்சு வரப்புல ஏத்திவிட்டே." வாசனையைப் பற்றியோ சேற்றைப் பற்றியோ அவரிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இன்றைக்கும் அவர்தான் முதல் ஆளாக மடை திறக்கப் போகிறார், யார் சொன்னாலும் கேட்பதில்லை, அதைப் பார்க்கிற சந்தோஷமே எனக்குப் போதும். என் மூக்கும் திரும்பிவிட்டது, காபி, மல்லிகை, மாட்டுச்சாணம் எல்லாம் தெரிகிறது. புதுத்தண்ணீர் வாசனை மட்டும் வரவில்லை. வருஷா வருஷம் தண்ணீர் பாய்ந்ததும் குனிந்து ஈரமண்ணை அள்ளி முகர்ந்து பார்க்கிறேன், ஒன்றுமில்லை. சரி, வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று கையைக் கழுவிக்கொண்டு வந்துவிடுகிறேன்.