எசமானின் நெற்றியில் பொட்டு

மாலை போட ஒரு படம் இல்லாவிட்டால் எங்கள் ஆட்களுக்கு விழாவே நடக்காது. குத்துவிளக்கு, நிறைகுடம், பின்னால் சட்டம் போட்ட ஒரு முகம். அது யாருடைய முகம் என்பதெல்லாம் பிறகு.

நான் இருக்கும் புறநகரான ஆர்ஜொந்தெயிலிருந்து வேலைக்குப் போகும் ரயிலில் இருந்தபடியே, ஓர் அடிமை பிரெஞ்சில் எழுதிய கவிதைகளைத் தமிழாக்கினேன். ஆறு வருடம் போனது. சோழமண்டலக் கரையில் சிறுவனாகப் பிடிபட்டு, கப்பலில் தீவொன்றுக்குப் போய் விலைப்பட்டவன் அவன். எசமானின் பிள்ளைகள் படிக்கையில் விசிறிக்கொண்டு நின்றே எழுத்துப் பழகினான். அந்தக் காலத்தில் அவன் புத்தகம் அச்சானபோது முதல் பக்கத்தில் எசமானின் படம் வந்தது. இவற்றை எழுதியது தன் அடிமைதான் என்று அவருடைய அத்தாட்சியும் வந்தது. அவனுக்கு ஒரு கோட்டுச் சித்திரம்கூட இல்லை. ஒரு நாளாவது எசமான் இல்லாமல் அவன் தனியே சபையில் நிற்கவேண்டும். எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

தமிழாக்கத்தின் வெளியீட்டு விழாவைப் பொறுப்பெடுத்தவர், எங்கள் ஆட்களின் கடைத்தெருவான ரூ காயில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணை.

"தங்கச்சி, கவிஞரின்ரை படம் ஒண்டு அனுப்புங்கோ."

"படமே இல்லை அண்ணை. ஒரு வெறுங்கதிரை வையுங்கோ, காணும்."

"வெறுங்கதிரைக்கு மாலை போட்டால் சனம் சிரிக்கும். விடுங்கோ, நான் பாக்கிறன்."

அவர் ‘நான் பாக்கிறன்’ என்றால் ஏதோ நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விழாவன்று பார்த்து ரயில் பிந்தியது. மூச்சிரைக்க மண்டபத்துக்குள் நுழைந்தேன். "எல்லாரும் பூப் போட்டாச்சு, நீங்கள்தான் மிச்சம்" என்று அண்ணை என்னை மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். யாரோ தட்டை நீட்டினார்கள். குனிந்து பூப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

சட்டத்துக்குள் பொய்முடி வைத்த எசமான். கழுத்தில் ரோசா மாலை, நெற்றியில் சந்தனம், குங்குமம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கைப் பிடித்து, அதற்குப் பூசையும் செய்து முடித்திருந்தார்கள்.

"அண்ணை, இது அவனை விலைக்கு வாங்கின ஆள்!"

"பழைய புத்தகத்திலை முதல் பக்கத்திலை இவர்தானே இருந்தவர்? கனகாலம் வெளிநாட்டிலை இருந்து நிறம் வெளுத்திட்டுதாக்கும் எண்டு நினைச்சன்."

என் மொழிபெயர்ப்பில் ஒரு வரியாவது இந்த மனிதர் படித்தாரா? எனக்குத் தலையிலடித்து அழவேண்டும்போல இருந்தது.

"எடுங்கோ அதை."

"விளக்கு ஏத்தியாச்சு தங்கச்சி. இனி எடுத்தால் அபசகுனம்."

நானே போய்ப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். சபை முணுமுணுத்தது. வாசிக்க எடுத்துவைத்த கவிதையை விட்டுவிட்டு வேறொன்றை வாசித்தேன். விடிந்ததும் தோட்டத்தில் பூப் பறித்து எசமானின் படத்தடியில் வைப்பதுதான் தன் முதல் வேலை என்று அவன் எழுதியது. வாசித்து முடிந்ததும் அண்ணை விளக்கின் திரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த கிழமை விழாப் படங்கள் எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் வந்தன. முதற்படத்தில் நான், எசமானுக்குக் குனிந்து பூப் போடுகிறேன். அவனாவது அடிக்குப் பயந்து போட்டான். என்னை யாரும் அடிக்கவில்லை. யாருக்குப் போடுகிறேன் என்று ஒருதரம் நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும்.