பாப்பாயி அடுப்போரம் வைத்த கேன்

மலைமேல் இருக்கும் திருப்புலி நாட்டுக் கிராமத்தில் இன்றைக்குப் பாப்பாயியிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதற்குப் பாதிக் காரணம் எங்கள் பேராசிரியர், மீதி நான். நாங்கள் இருவரும் அடிவாரத்தில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறோம்.

என் பெயர் நஜிமா. ஒரு கல்லூரியின் நானோ ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த வேலை. பேராசிரியர் பன்னிரண்டு வருடமாக ஒரே மூலக்கூற்றைக் கட்டிக்கொண்டு அழுகிறார். அதன் தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. தண்ணீரில் விட்டால் வால்கள் உள்ளே ஒளிந்துகொள்ள, தலைகள் வெளியே நிற்க, தாமாகவே வரிசை கட்டி நூல்களாகிவிடும். மயிரிழையை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவு இருக்குமோ, அவ்வளவு மெல்லிய நூல். வாலை ஒரு மாதிரி மாற்றினால் மருந்தைப் பொதிந்து வைக்கும், இன்னொரு மாதிரி மாற்றினால் புண்ணுக்குக் கட்டாகும். நாங்கள் மாற்றியது கிழங்குக்காக. தோலின் மேல் வலையாகப் படிந்து காற்றை உள்ளே விடாது.

பாப்பாயிக்கு வேண்டியதும் அதுதான். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, பிடுங்கிய மூன்றாம் நாளே உள்ளே நீலக் கோடு ஓடிவிடும். அதற்குள் மாவு மில்காரன் சொன்ன விலைக்குத் தள்ளிவிட வேண்டும். பத்து நாள் தாங்கினால் சென்னைக் கடைகளுக்கே அனுப்பலாம். மில் வாசலில் நின்று கெஞ்சாமல் ஒரு வருடமாவது கிழங்கு விற்க வேண்டும் என்பது, ஐம்பது வயதில் அவருக்கு இருந்த ஒரே ஆசை.

மார்கழியில் ஐந்து வீடுகளுக்குப் பூச்சுக் கரைசல் கேன் கொடுத்தோம். மலைக் குளிரில் கரைசல் கட்டியாகிவிட்டது. நான்கு வீட்டார் அதை வேலியோரம் கொட்டிவிட்டு, "பூசினோமுங்க, நல்லா இருக்குதுங்க" என்றார்கள். கீழேயிருந்து ஏறி வந்த பிள்ளையின் முகம் வாடக் கூடாதாம். இது எனக்குத் தெரிய வெகுநாள் ஆயிற்று. அவர்கள் கிழங்கெல்லாம் நாலே நாளில் கெட்டதாக எங்கள் சோதனைத் தாளில் ஏறியது.

பாப்பாயி மட்டும் உள்ளதைச் சொன்னார். "தேங்கா எண்ணையாட்டம் உறைஞ்சு போச்சு கண்ணு. அடுப்போரமா வெச்சேன், எளகிருச்சு. கெழங்க முக்கி எடுத்தேன். பாரு, பத்து நாளாச்சு." வெட்டிக் காட்டினார். வெள்ளைவெளேரென்று இருந்தது.

பேராசிரியர் பாப்பாயியின் தாளைப் பார்த்துவிட்டு, "சூடாக்கக் கூடாதுன்னு தெளிவா எழுதியிருக்கோமே! இது செல்லாது, அடிச்சிடு" என்றார். சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு போட்டேன். சூடாக்கித்தான் பார்ப்போமே சார் என்றதற்கு, மூலக்கூற்றை வடிவமைத்தது நானா அந்த அம்மா அடுப்பா என்று கேட்டார்.

சமவெளியில் பூச்சு ஏற்கெனவே தேறிவிட்டது. கம்பெனிக்கு விற்க, மலையிலிருந்து ஒரு நல்ல தாள் மட்டும் பாக்கி. தை மாதம் மறுபடியும் பாப்பாயியிடமே கேனைக் கொடுத்தேன். முந்தைய தாளில் கோடு போட்டதையும், ஏன் போட்டோம் என்பதையும் சொன்னேன். கேட்டுவிட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

பத்தாம் நாள் போனேன். கிழங்கு கல்லுமாதிரி இருந்தது. கேனின் ஒரு பக்கம் கரி பிடித்து லேசாக நெளிந்திருந்தது.

"அடுப்போரம் வெச்சீங்களாக்கா?"

"இல்லீங்க. நீங்க சொன்னபடிதான் செஞ்சேனுங்க."

என்னிடம் அவர் 'ங்க' போட்டுப் பேசியது அன்றுதான் முதல் தடவை. எனக்கு அவமானமாக இருந்தது. உண்மையைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

"நெசத்தச் சொன்னா கோடு போடறீங்க. எப்படியோ, மருந்து ஊருக்கு வந்து சேரோணும்."

'கரைசலைச் சூடாக்கினீர்களா?' என்ற கேள்விக்கு நேரே 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். என் ஒப்பந்தம் அந்த மாதம் முடிய இருந்தது. என் கோழைத்தனத்துக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது.

அடுத்த மார்கழியில் ஒரு கம்பெனியின் கேன்கள் மலையேறின. 'சூடாக்கக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. கூடவே விளம்பரத் தாள், அதில் பாப்பாயியின் படமும், 'சூடாக்கவில்லை' என்று அவர் போட்ட கையெழுத்தும். நம்ம பாப்பாயியே சொல்லிவிட்டாள் என்று ஊரே வாங்கியது. கையெழுத்துப் போட்ட பாப்பாயி அடுப்பு விஷயத்தை வெளியே விடவில்லை. உறைந்ததை விரலால் வழித்துக் கட்டிகட்டியாக அப்பி லாரி ஏற்றினார்கள். சென்னைக்குப் போன கிழங்கெல்லாம் நீலம் பாய்ந்து திரும்பி வந்தது. அதை மில்லும் எடுக்கவில்லை.

நான் போனபோது பாப்பாயி வாசலில் கூட்டம். மீதிக் கேனையாவது அடுப்போரம் வைத்துப் பூசுங்கள் என்று அவர் மன்றாடிக்கொண்டிருந்தார். பக்கத்துக் காட்டுக்காரர் செங்கோடன் விளம்பரத் தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"சூடு பண்ணலைன்னு கையெழுத்து வெச்சிருக்கற. இப்பப் பண்ணுன்னு சொல்ற. எதுல பொய் சொன்ன? உன்ற கெழங்கு மட்டும் எப்படிக் கெடாம இருக்குது?"

பாப்பாயி என்னைப் பார்த்தார். கூட்டமும் திரும்பி என்னைப் பார்த்தது.

"தாள்ல இருக்கறதுதாங்க எனக்குத் தெரியும்" என்றேன்.