கொழுக்கட்டைப்புல் செத்துப்போனது என்று யார் சொன்னது?

என் கொழுக்கட்டைப்புல்லைப் பிடுங்கி எறிந்தது நீங்கள்தான். மரம் நடும் குழு என்று பச்சைப் பனியன் போட்டுக்கொண்டு செங்கம் ரோட்டிலிருந்து வேனில் வந்தார்களே, அவர்களின் தலைவர் நீங்கள். கூட வந்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. எதைப் பிடுங்க வேண்டும் என்று கை நீட்டிக் காட்டியது நீங்கள்.

அது நின்ற நிலம் புறம்போக்கு இல்லை. மலைச் சரிவு முடிந்து எங்கள் ஊர் தொடங்குகிற இடத்தில், என் பேரில் பட்டா உள்ள அரை ஏக்கர். முழுக்கக் கல்லும் சரளையும். வேர்க்கடலை போட்டால் போட்ட விதைகூடத் திரும்பாது. வேலி போட வசதி இல்லை. வேலி இல்லாததால் ஆளும் இல்லை என்று நினைத்துவிட்டீர்கள்.

அந்தப் புல் மலையில் பாறை இடுக்கில் தானாக வளர்வது. கதிர் பூனை வால் மாதிரி இருக்கும். ஒரு கார்த்திகை தீபத்துக்கு மலையேறி இறங்கும்போது அந்தக் கதிர்களை உருவி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். மறுநாளே விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. அடுத்த வருஷம் உருவியதைக் கோணியில் கட்டிப் பரணில் போட்டேன், மறந்தும் போனேன். ஆடியில் வேறு எதையோ தேடும்போது கோணி கையில் பட்டது. சாணியும் செம்மண்ணும் சேர்த்து உருண்டை பிடித்துப் போட்டேன். அது முளைத்தது. இந்த விதை பல மாதம் சும்மா கிடந்தால்தான் முளைக்கும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு வருஷம் ஏமாந்து தெரிந்துகொண்டேன்.

முதல் வருஷம் அதன் மேல் அரிவாள் படக்கூடாது. பிறகு அறுத்தாலும் தூரில் நாலு விரல் உயரம் விட வேண்டும். மாட்டை அவிழ்த்து விடவே கூடாது, மிதித்தே கெடுத்துவிடும். தை முடிந்தால் நான் அறுப்பதை நிறுத்திவிடுவேன். சித்திரையில் பார்த்தால் வைக்கோல் நிறத்தில் விறைத்து நிற்கும், தொட்டால் ஒடியும். வேர் மட்டும் அடியில் உயிரோடு இருக்கும். ஒரு கோடை மழை பெய்தால் நாலு நாளில் குருத்து விடும். ஊரே தீவனத்துக்கு அலையும்போது என் இரண்டு பசுக்களும் தைக்குள் அறுத்துக் காயவைத்ததையும் இந்தக் குருத்தையும் தின்றுதான் பால் கொடுத்தன.

போன சித்திரையில் கீழ்பென்னாத்தூரில் தங்கை பேத்திக்குக் காதுகுத்து. மாடுகளைப் பக்கத்து நிலத்துக்காரியிடம் விட்டுவிட்டு மூன்று நாள் போயிருந்தேன். திரும்பி வந்தால் நிலம் முழுக்க மூங்கில் கூண்டுகள். கூண்டுக்குள் கன்று, கூண்டு மேல் தகடு. தகட்டில் யாருடைய பிறந்தநாளோ, யாருடைய கல்யாண நாளோ.

"இன்னாடி இது?" என்று பக்கத்து நிலத்துக்காரியைக் கேட்டேன்.

"நீதான் சொல்லிட்டுப் போயிருக்கன்னு நெனச்சேன்க்கா. டீ, சமோசா எல்லாம் குடுத்தாங்க. நானும் ஒரு வேப்பங்கன்னு நட்டேன்."

"சமோசா வாயில இருந்தா என் நெலம் கண்ணுக்குத் தெரியாதா?"

அவள் ஓடைப் பக்கம் கையைக் காட்டினாள். பிறகு சொன்னாள்: "ஒரு தூருக்கு ரெண்டு பேரு, அக்கா. அந்தத் தலைவரு கை காட்டக் காட்டக் கடப்பாரை போட்டாங்க. வரவே மாட்டேன்னுச்சு."

அன்றைக்கே ஆசிரமத்துப் பக்கம் நீங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு வந்தேன். ஞாபகம் இருக்கிறதா?

"அது காஞ்சு செத்துப்போன களைம்மா. தீப்புடிச்சா மலையே எரியும். நல்லதுதான் செஞ்சிருக்கோம்" என்றீர்கள்.

"செத்ததுக்குக் கடப்பாரை எதுக்கு சார்? கையோட வந்திருக்குமே."

"மரம் இருந்தாதாம்மா மழை வரும்."

"அது வர்ற வரைக்கும் என் மாடு உங்க தகட்டைத் தின்னுமா?"

நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள். காபி மட்டும் வெளியே வந்தது. நான் குடிக்கவில்லை. தீ பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் வருஷா வருஷம் நிலத்தைச் சுற்றி இரண்டு முழம் செதுக்கி வெறும் தரையாக வைக்கிறேன். கேட்டிருந்தால் காட்டியிருப்பேன்.

பிடுங்கிய தூர்களை ஓடைப் பள்ளத்தில் குவித்திருந்தீர்கள். பாதி வெயிலில் வெந்துவிட்டது. மீதியைப் பொறுக்கி, வேர் உள்ளதாகப் பிரித்து, உங்கள் கன்றுகளின் குழியிலேயே சுற்றி நட்டேன். ஆமாம், கன்றுகளுக்கு நீங்கள் அனுப்பிய டேங்கர் தண்ணீரில்தான் வளர்த்தேன். என் நிலத்தில் ஊற்றிய தண்ணீர் அது. கன்றுகளை நான் தொடவில்லை. ஒரு மாதம் டேங்கர் வந்தது, அப்புறம் நின்றது. கன்றுகள் கருகின. பக்கத்து நிலத்துக்காரி குடத்தில் ஊற்றிக் காப்பாற்றிய வேப்பங்கன்று மட்டும் நிற்கிறது. அது நிற்கட்டும். புல் எல்லாக் குழியிலும் பிடித்துக்கொண்டது.

இப்போது நான் பால் ஊற்றுகிற டீக்கடைக்காரர் போனில் உங்கள் வீடியோவைக் காட்டினார். "மாட்டை விட்டு மேய்ச்சு அம்பது கன்னையும் அழிச்சுட்டாங்க" என்று என் நிலத்தில் நின்று பேசுகிறீர்கள். காந்தி ஜெயந்தி முடிந்த ஞாயிற்றுக்கிழமை களையெடுக்க வரச் சொல்லி எல்லாரையும் கூப்பிடுகிறீர்கள். நட்டு ஒரு வருஷம் ஆகவில்லை என்று நானே இன்னும் அரிவாள் வைக்காத தூர்கள் அவை. இந்தத் தடவை போனால், வருகிற கோடையில் என் தொழுவத்தில் மாடு இருக்காது.

வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் எந்தக் காதுகுத்துக்கும் போகப்போவதில்லை. நிலத்தில்தான் நிற்பேன்.

அதற்கு முன்னால் காந்தி ஜெயந்தி அன்று எங்கள் ஊர் கிராம சபை இருக்கிறது. அதற்கும் வாருங்கள். ஓடையில் வெந்துபோன தூர் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். அதைக் கொண்டு வந்து மேஜை மேல் வைப்பேன். வீடியோவில் பேசிய அதே வாயால், மைக்கைப் பிடித்து, ஊர் முன்னால் சொல்லுங்கள். யாரைக் கேட்டு என் நிலத்தில் கடப்பாரை போட்டீர்கள்? புல் செத்துவிட்டது என்று உங்களுக்கு யார் சொன்னது?